வளர்முக நாடுகளின் கூட்டுறவும் உலக உதவி நிர்வாகமும்

கூட்டுறவு என்றதும் நம் நினைவுக்கு வருவன ஊரிலுள்ள நெசவாளர் சங்கம், விவசாயக் கடன் சங்கம், பண்டகசாலை ஆகியவையே. தனியே நின்றால் நலிந்துபோகக் கூடியவர்கள் பங்குத் தொகை செலுத்தி ஒன்றுசேர்ந்து, தமக்குள்ளே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, தம் காரியத்தைத் தாமே நடத்திக்கொள்வது இம்முறையின் அடிப்படை. 1966ஆம் ஆண்டு வியன்னா நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மகாநாடு, ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துடன் ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் கூட்டுறவுக் கொள்கைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதே எண்ணம் நாடுகளிடையே செயல்பட்டால் என்ன விளையும்? ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளிலுள்ள வளர்முக நாடுகள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை தேடி வருகின்றன.

இது நம் சங்கத்துக்கு எட்டாத பெரிய விஷயம் என்று அங்கத்தினர் எவரும் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. நம் வயலில் விளையும் பொன்னி நெல்லுக்கும், நம் தறியில் ஓடும் பருத்தி நூலுக்கும் இதனோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதும், நாடுகளின் கூட்டுறவில் நாம் போற்ற வேண்டியது எது, திருத்த வேண்டியது எது என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவியின் உபவிதியை எழுதியவர் யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், செல்வ நாடுகள் பணமாகவும் பண்டமாகவும் நிபுணர்கள் மூலமாகவும் ஏழை நாடுகளுக்கு உதவும் வழக்கம் பரவியது. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் கூடிய மகாநாட்டின் பயனாக உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியும் தோன்றின. இவ்விரு ஸ்தாபனங்களிலும் ஒரு நாட்டின் ஓட்டு பெரும்பாலும் அதன் பங்குத் தொகையைப் பொறுத்தது. நாணய நிதியில் அமெரிக்கா ஒன்றுக்கே நூற்றுக்கு 16க்கு மேற்பட்ட ஓட்டு உண்டு. மிக முக்கியமான தீர்மானங்களுக்கு நூற்றுக்கு 85 ஓட்டு வேண்டும் என்பது அதன் விதி. எனவே அந்த ஒரு நாடு இசையாவிட்டால் மற்றெல்லா நாடுகளும் கூடினாலும் அத்தகைய தீர்மானம் நிறைவேறாது. நம் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான் என்பதை அங்கத்தினர்கள் இங்கே நினைவுகூர்தல் வேண்டும்.

1961ஆம் ஆண்டில், பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி ஸ்தாபனம் என்னும் செல்வ நாடுகளின் அமைப்பில் உதவிக்கென ஒரு தனிக் கமிட்டி ஏற்பட்டது. எதனை உதவி என்று சொல்லலாம், கடனில் எவ்வளவு பாகம் உதவியாகும், அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பவற்றையெல்லாம் வகுத்தது இக்கமிட்டியே. கொடுக்கும் நாடுகள் மட்டுமே அதில் அங்கத்தினர்கள். பெறும் நாடுகளுக்கு இடமில்லை. கடன் வாங்கும் விவசாயிகளைக் கூப்பிடாமலே கடன் சங்கத்தின் உபவிதிகளை எழுதியதற்கு இது ஒப்பாகும்.

இம்முறையின் கணக்குகள் ஒழுங்கானவை. எந்த நாடு எவ்வளவு கொடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பெறுகிறவர் கையில் பிடிமானம் ஒன்றும் இல்லை. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவியாக அளிக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை தீர்மானித்தது. மிகச் சில நாடுகளே அந்த அளவை எட்டின. அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி உதவி நிறுவனம் 1961ஆம் ஆண்டில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, வெளிநாட்டு உதவி வழங்கும் வேலையை அது அடியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பணத்தை நம்பி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்துவந்த மருத்துவப் பணிகளும் விவசாயப் பணிகளும் பல இடங்களில் பாதியில் நின்றன. இம்முடிவு எடுக்கப்பட்ட இடத்தில், அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓர் ஓட்டும் இருக்கவில்லை.

பாண்டுங் முதல் புவனஸ் அயர்ஸ் வரை

1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தோனேஷியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. அவற்றுட் பல அப்பொழுதுதான் விடுதலை பெற்றவை. அரசியல் பேச்சுக்காகவே அம்மகாநாடு இன்று நினைக்கப்படுகிறது. ஆயினும் அதன் இறுதி அறிக்கையில் முதலிடம் பெற்றது பொருளாதார ஒத்துழைப்பே. நிபுணர்களை அனுப்புவது, பயிற்சியாளர்களை ஏற்பது, மாதிரித் திட்டங்கள் நடத்துவது, அறிந்ததைப் பகிர்ந்துகொள்வது ஆகிய வழிகளில் ஒருவருக்கொருவர் தொழில்நுட்ப உதவி செய்ய அந்நாடுகள் உடன்பட்டன.

1964ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மற்றொரு படி. அவ்வாண்டு ஜெனீவாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மகாநாட்டின் முடிவில் 77 வளர்முக நாடுகள் ஓரணியாயின. இன்று அந்த அணியில் 134 நாடுகள் இருப்பினும் 77 என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய அரசாங்கம் மற்ற வளர்முக நாடுகளின் ஊழியர்களுக்கும் தொழில்வல்லோருக்கும் நம் நாட்டில் பயிற்சியளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது இன்றும் நடைபெற்று வருகிறது.

1978ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, ஆர்ஜென்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில் 138 நாடுகளின் பிரதிநிதிகள் ஒரு செயல் திட்டத்தை ஏற்றனர். வளர்முக நாடுகள் ஒன்றுக்கொன்று தொழில்நுட்ப உதவி செய்துகொள்வதற்கான 38 சிபாரிசுகள் அதில் அடங்கியிருந்தன. இந்நாடுகளில் பெரும்பாலானவை செல்வ நாடுகளுக்குத் தெற்கே இருப்பதால் இம்முறைக்குத் ‘தெற்கு-தெற்கு ஒத்துழைப்பு’ என்று பெயர் வந்தது. செப்டம்பர் 12 இன்று ஐக்கிய நாடுகளால் இதற்குரிய நாளாக அனுசரிக்கப்படுகிறது. கேட்கிற நாடே தன் தேவையைச் சொல்ல வேண்டும். உதவியின் பெயரால் அதன் உள்விவகாரத்தில் தலையிடலாகாது. இரு தரப்பும் பயன்பெற வேண்டும் என்பவை இதன் கொள்கைகள்.

பொன்னி நெல்லின் பயணம்

கொள்கை செயலில் எப்படி இருக்கும் என்பதை நெல்லைக் கொண்டு விளக்கலாம். 1950ஆம் ஆண்டையொட்டி ஆசிய நாடுகளில் உணவுப் பஞ்சம் பெரும் கவலையாக இருந்தது. நம் நாட்டு நெல் ரகங்கள் உரம் மிகுதியாக இட்டால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பான், தைவான் முதலிய இடங்களின் ஜப்பானிக்கா ரகங்கள் உரத்தை ஏற்று நிற்கும். ஆனால் நம் தட்பவெப்பத்துக்கும் நம் மக்களின் ருசிக்கும் அவை ஒவ்வா. இரண்டையும் இணைத்து ஒட்டு ரகங்கள் உண்டாக்க ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் ஒரு திட்டம் வகுத்தது. ஒரிஸ்ஸாவில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் களமாயிற்று.

தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் தம் சிறந்த ரகங்களின் விதைகளைக் கட்டாக்குக்கு அனுப்பின. அங்கே ஒட்டுக்கட்டிய விதைகள் அந்தந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றன. தம் மண்ணுக்கு ஏற்றதை அந்நாட்டு விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வாறு நம் மாநிலத்துக்குக் கிடைத்ததுதான் ‘ஆடுதுறை 27’. 1960களின் நடுவில் தஞ்சை வயல்களில் இது பரவியதை மூத்த விவசாயிகள் அறிவார்கள். தைவானின் ‘தைச்சுங் 65’ என்ற ரகமும் மலேயாவின் ‘மாயாங் எபோஸ் 80’ என்ற ரகமும் கட்டாக்கில் இணைந்து உண்டான விதையிலிருந்து, மலேசியா 1965ஆம் ஆண்டில் ‘மஹ்சூரி’ என்னும் ரகத்தை வெளியிட்டது. அது மலேசியாவிலிருந்து மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது பெற்ற பெயரே பொன்னி. 1986ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் இவ்வம்சத்தைச் சேர்ந்ததே.

இதில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்வது அரிது. தைவானின் விதை, மலேயாவின் விதை, இந்தியாவின் நிலம், மலேசிய விஞ்ஞானிகளின் தேர்வு, சர்வதேச ஸ்தாபனத்தின் ஒழுங்கு ஆகிய எல்லாம் சேர்ந்து நம் இலையில் சோறாக விழுகின்றன. எந்த விதை எங்கிருந்து வந்தது, எந்த விதை எங்கே போயிற்று என்று பதிவேடு எழுதப்பட்டது. அதனாலேயே இன்று இவ்வரலாற்றைத் தயக்கமின்றி எடுத்துச் சொல்ல முடிகிறது.

பருத்தியில் கண்ட பாடம்

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள பெனின், புர்க்கினா பாசோ, சாடு, மாலி ஆகிய நான்கு நாடுகளிலும் லட்சக்கணக்கான சிறு விவசாயிகளுக்குக் கையில் காசு தரும் பயிர் பருத்தியே. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு அளித்த பெரும் மானியத்தால் உலகச் சந்தையில் விலை தாழ்ந்து, ஆப்பிரிக்க விவசாயி நஷ்டப்பட்டான். 2003ஆம் ஆண்டில் இந்த நான்கு நாடுகளும் ஒன்றாகக் கூடி, உலக வர்த்தக ஸ்தாபனத்தில் இம்மானியங்களை எதிர்த்துக் குரல் எழுப்பின. அதற்கு முந்திய ஆண்டிலேயே பிரேசில் இதே விஷயத்தில் அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்திருந்தது. அவ்வழக்கில் பெனின், சாடு, இந்தியா முதலிய நாடுகள் மூன்றாந்தரப்பினராகச் சேர்ந்தன. 2005ஆம் ஆண்டில் அப்பீலிலும் பிரேசில் வென்றது.

தீர்ப்பு கிடைத்தும் மானியம் உடனே நிற்கவில்லை. நெடும் பேச்சுக்குப் பின் 2010ஆம் ஆண்டில், ஆண்டொன்றுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் வீதம் பிரேசிலின் பருத்தி நிதிக்குச் செலுத்த அமெரிக்கா உடன்பட்டது. 2014ஆம் ஆண்டில் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்நிதியில் ஒரு பகுதியை ஆப்பிரிக்காவிலும் பிற வளர்முக நாடுகளிலும் பருத்தித் துறைக்கு உதவச் செலவிடலாம் என்று உடன்படிக்கையில் இடம் வைக்கப்பட்டது. இதற்கிடையே 2009ஆம் ஆண்டில், பிரேசிலின் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் மாலியின் தலைநகரான பமாக்கோவை அடுத்த சோத்துபா ஆராய்ச்சி நிலையத்தில் அந்நான்கு நாடுகளின் விஞ்ஞானிகளோடு வேலையைத் தொடங்கிவிட்டது. பருத்தி ரகங்களைச் சோதிப்பது, உழாமல் விதைப்பது, பூச்சிகளைக் குறைந்த மருந்தால் கட்டுப்படுத்துவது ஆகியவை அங்கே நடந்தன. இந்தியாவும் 2012ஆம் ஆண்டு முதல் அந்நான்கு நாடுகளோடு நைஜீரியா, உகாண்டா, மலாவி ஆகியவற்றையும் சேர்த்துப் பருத்தித் தொழில்நுட்ப உதவித் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் இரண்டாம் கட்டம் 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

பருத்தி விலை தாழ்ந்தால் நூல் விலையும் தாழும். அது நெசவாளருக்கு நன்மைதானே என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் மானியத்தால் தாழ்த்தப்பட்ட விலை நிலையான விலையன்று. அதனால் சிறு விவசாயி பருத்தியை விட்டு வேறு பயிருக்குப் போய்விட்டால், பின்னர் சந்தை சிலர் கைக்குள் அடங்கும். அவர்கள் வைத்ததே விலையாகும். கழி நூல் விலை ஏறியும் இறங்கியும் ஆடும்போது தறி நின்றுபோவதை நெசவாளர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். விளைவிப்பவர் நிலைத்து நின்றால்தான் நெய்பவருக்கும் நிலைப்பு உண்டு.

பருத்தி விஷயத்தில் நாம் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. பயிற்சியும் விதையும் மட்டும் போதவில்லை. விதி வகுக்கும் இடத்தில் குரலும் வேண்டியிருந்தது. வழக்கை நடத்தப் பிரேசிலுக்குப் பணமும் வழக்கறிஞர்களும் இருந்தனர்; மாலிக்கு அந்த வசதி இல்லை. வலியவர் முன்னே நிற்க, எளியவர் உடன் நின்றதால் காரியம் ஓரளவு கைகூடியது. உள்நாட்டு மானியங்கள் பற்றி அந்நான்கு நாடுகளும் வைத்த கோரிக்கை இன்றும் முற்றாகத் தீரவில்லை.

பங்கும் ஓட்டும்

குரலைப் பெற வளர்முக நாடுகள் தமக்கெனச் சில ஸ்தாபனங்களையும் அமைத்துள்ளன. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் 2004ஆம் ஆண்டில் வறுமை ஒழிப்புக்காக ஒரு நிதி ஏற்படுத்தின. ஒவ்வொரு நாடும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் செலுத்துவது ஏற்பாடு. தொகை சிறிது, ஆனால் பங்கும் சமம், பொறுப்பும் சமம். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்தும் 2014ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்து, ஷாங்காய் நகரில் புதிய அபிவிருத்தி வங்கியை நிறுவின. ஐந்து நாடுகளும் தலைக்கு ஆயிரம் கோடி டாலர் பங்கு ஏற்றன. எந்த நாட்டுக்கும் தனித்துத் தடுக்கும் அதிகாரம் இல்லை. சீனாவின் செல்வம் தென்னாப்பிரிக்காவினுடையதைவிடப் பன்மடங்கு பெரிதாயினும் ஓட்டு சமமாக வைக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. ஆயினும் புதிதாகச் சேரும் நாடுகள் எத்தனை ஆனாலும், நிறுவிய ஐவரின் ஓட்டு நூற்றுக்கு 55க்குக் கீழே போகலாகாது என்றும் விதி செய்துள்ளனர். சங்கம் தொடங்கியவர்களே என்றும் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று உபவிதி எழுதினால் நாம் ஏற்போமா?

கணக்கு எங்கே?

இதுவரை கூறியவை பெருமைக்குரியன. இனிக் கூறுவது குறை. குறையைச் சுட்டுவது கூட்டுறவுக்குப் பகையாகாது. தணிக்கை இல்லாத சங்கத்தைவிடத் தணிக்கைக்கு உட்பட்ட சங்கமே நெடுநாள் வாழும்.

உதவியை ஒழுங்குபடுத்த 2005ஆம் ஆண்டில் பாரிஸிலும், 2008ஆம் ஆண்டில் கானாவின் அக்ராவிலும், 2011ஆம் ஆண்டில் கொரியாவின் புசானிலும் மகாநாடுகள் நடந்தன. பெறும் நாட்டின் திட்டத்தை மதிக்க வேண்டும், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டும் என்பன போன்ற நல்ல விதிகள் பாரிஸில் ஏற்பட்டன. வளர்முக நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் உதவிக்கு அவ்விதிகள் விருப்பத்தின்பேரில் மட்டுமே பொருந்தும் என்று புசானில் முடிவாயிற்று. அதன் தொடர்ச்சியாக 2014ஆம் ஆண்டில் மெக்சிகோவில் நடந்த கூட்டத்துக்கு இந்தியாவும் சீனாவும் செல்லவில்லை. செல்வ நாடுகள் தம் கமிட்டியில் வகுத்த அளவுகோலை எம்மீது வைக்கலாகாது என்பது இவற்றின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிறர் அளவுகோல் வேண்டாம் என்பவர் தம் அளவுகோலைக் காட்ட வேண்டும். அது நெடுங்காலம் நடைபெறவில்லை. ஒரு நாடு பயிற்சிச் செலவை மட்டும் உதவி என்று எழுதுகிறது. மற்றொன்று வியாபாரக் கடனையும் சேர்த்து எழுதுகிறது. சில எதுவும் வெளியிடுவதில்லை.

நம் நாட்டையும் இதில் விலக்கிச் சொல்வதற்கில்லை. இந்தியா மற்ற வளர்முக நாடுகளுக்கு அளிக்கும் கடன் வசதிகளில், பொதுவாக நூற்றுக்கு 75 பங்குப் பொருள்களும் சேவைகளும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இதனால் நம் தொழில்களுக்கு நன்மை உண்டு. பெறும் நாட்டுக்கு அப்பொருள் மலிவாகக் கிடைக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியது அந்த நாடே. பரஸ்பர நன்மை என்பது பேச்சா, உண்மையா என்று அறியக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை.

கணக்கு பொதுவில் இல்லாதபோது துன்பப்படுகிறவர் எளியவரே. இலங்கை 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்த இயலாமல் நிறுத்தியது. அவ்வாண்டில் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்கு உணவு, எரிபொருள், மருந்து, கடன் முதலிய வகைகளில் கைகொடுத்தது. அண்டை நாட்டின் கடமையை அது செய்தது. ஆனால் பழைய கடன்களைத் திருத்தியமைக்கும் காரியம் நீண்டது. கடன் கொடுத்த செல்வ நாடுகள் 1956ஆம் ஆண்டு முதல் பாரிஸ் கிளப் என்ற பெயரில் கூடிப் பேசுவது வழக்கம். அதில் சீனாவோ இந்தியாவோ அங்கத்தினர் அல்ல. பிரான்சு, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்றும் தலைமை வகித்து 2023ஆம் ஆண்டில் புதிதாக ஒரு குழு அமைத்தன. சீனா தனியே பேச்சு நடத்தியது. இரு தரப்போடும் உடன்படிக்கை கையெழுத்தானது 2024ஆம் ஆண்டு ஜூனிலேயே. கடன் கொடுத்தோர் எல்லோருக்கும் முன்கூட்டியே பொது விதியும் திறந்த கணக்கும் இருந்திருந்தால் அத்தீவின் மக்கள் இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திராது.

நிலைமை திருந்துவதற்கு அறிகுறிகள் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளும் ஸ்பெயினும் போர்த்துகலும் சேர்ந்த அமைப்பு ஒன்று, தம்முள் நடைபெறும் ஒத்துழைப்பின் விவரத்தை 2007ஆம் ஆண்டு முதல் அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறது. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவரக் கமிஷன், தெற்கு-தெற்கு ஒத்துழைப்பை அளப்பதற்கு வளர்முக நாடுகளே வகுத்த முறையை ஏற்றது. பணமாகக் கொடுத்ததைப் பணமாகவும், பயிற்சி முதலியவற்றை அவற்றுக்குரிய அளவிலும் எழுத இம்முறை இடம் தருகிறது. எழுதுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.

அங்கத்தினர்கள் அறிய வேண்டுவது

மேற்கூறியவற்றின் சாரம் இதுதான். செல்வ நாடுகளின் உதவி முறையில் கணக்கு இருந்தது. பெறுகிறவருக்குக் குரல் இல்லை. வளர்முக நாடுகளின் முறையில் குரல் கிடைத்தது, கணக்கு போதவில்லை. கூட்டுறவு என்று பெயர் சொல்லத் தகுதி பெற இரண்டும் வேண்டும். தேவையைச் சொல்பவர் பெறுகிறவராக இருத்தல், விதி வகுப்பதில் சிறிய நாட்டுக்கும் ஓட்டு இருத்தல், கணக்கை எல்லோரும் பார்க்குமாறு வெளியிட்டுத் தணிக்கைக்கு உட்படுத்தல் ஆகிய மூன்றும் நம் சங்கச் சட்டத்தில் பழகிப்போன விஷயங்களே. இவற்றை நாடுகள் இன்னும் கற்றுவருகின்றன.

ஐக்கிய நாடுகள் 2025ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அனுசரித்தன. அந்த ஆண்டிலேயே பெரிய உதவி நிறுவனம் ஒன்று மூடப்பட்டதும் நிகழ்ந்தது. இனி ஏழை நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் உதவியை முன்னிலும் மிகுதியாக நம்ப வேண்டிவரும். அந்த உதவியில் பெரும் பங்கு வகிக்கும் நாடு நம் நாடு. அதற்குச் செலவாகும் பணம் நம் வரிப்பணம். எந்த நாட்டுக்கு என்ன கொடுத்தோம், அதனால் அங்கே விளைவிப்பவரும் நெய்பவரும் அடைந்த பயன் என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மகாசபையில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது எழுந்து கேள்வி கேட்கும் பழக்கமுள்ள அங்கத்தினரே நாட்டின் கணக்கையும் கேட்கத் தகுந்த குடிமகனாவார். வரும் செப்டம்பர் 12ஆம் தேதியை ஒட்டி, சங்கங்கள் தம் அங்கத்தினர் கல்வி வகுப்புகளில் இவ்விஷயத்தை எடுத்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.